எதிர்ப்பொருள் இல்லாத பிள்ளைகள்

மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சளிச்சவ்வில்தான் பெரும்பாலான கிருமிகள் உடலை முதலில் தொடுகின்றன. அங்கே இரத்தத்தை நம்பியிராத தனி நோயெதிர்ப்பு உண்டு என்று பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் அலெக்சாண்டர் பெஸ்ரெட்கா வாதிட்டார். 1922இல் டேவிஸ் என்ற ஆய்வாளர், சீதபேதி நோயாளிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமியில் ஒட்டிக்கொள்ளும் காப்புப் புரதம்) தென்படுவதற்குச் சில நாள் முன்பே மலத்தில் அது தென்படுவதைக் கண்டார். ஆயினும் அடுத்த நாற்பது ஆண்டுகள் மருத்துவர்கள் எதிர்ப்பொருளைப் பெரும்பாலும் இரத்தத்திலேயே தேடினார்கள். சளிச்சவ்வுக்கு அது எவ்வளவு தேவை என்பதைக் காட்டியவர்கள், அதை உண்டாக்கும் திறனின்றிப் பிறந்த பிள்ளைகள்.

அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் கவனித்துவந்த எட்டு வயதுச் சிறுவனுக்கு, நான்கு ஆண்டுகளில் 19 முறை கிருமித்தொற்று உடல் முழுவதும் பரவியிருந்தது. அவற்றுள் 10 முறை இரத்தத்தில் நிமோகாக்கஸ் கிடைத்தது. புரத வகைகளை மின்புலத்தில் பிரித்துக் காட்டும் டிசெலியஸ் கருவி அப்போது மருத்துவமனைகளுக்குப் புதிது. அதில் அவன் சீரத்தைச் சோதித்தபோது, எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் பகுதியே காணவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எட்வின் கோன் குழு வகுத்த பிளாஸ்மா பிரிப்பு முறையால் காமா குளோபுலின் மருந்தாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. மாதந்தோறும் தோலுக்கடியில் அதைச் செலுத்திவந்தபோது, 14 மாதங்கள் அத்தகைய தொற்று மீண்டும் வரவில்லை. 1952இல் புரூட்டன் இதை வெளியிட்டார். பாஸ்டனில் சார்ல்ஸ் ஜேன்வே குழுவும் அதே குறையுள்ள சிறுவர்களைக் கண்டறிந்தது.

இவர்களுக்கு வந்த நோய்களில் ஓர் ஒழுங்கு இருந்தது. காதில் சீழ், சைனஸ் அழற்சி, நிமோனியா என்று திரும்பத் திரும்ப வந்தன. தட்டம்மையோ மற்றப் பிள்ளைகளைப் போலவே வந்து குணமாகியது. நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களைச் சர்க்கரையாலான உறை மூடியிருக்கிறது. எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டால்தான் விழுங்கணுக்கள் அவற்றைப் பற்ற முடியும். தட்டம்மையில் நோய் பரவிய செல்களை அழிப்பவை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். அவை இந்தப் பிள்ளைகளிடம் நன்றாகவே இருந்தன. நோயெதிர்ப்பு எதிர்ப்பொருள், டி செல் என இரு பிரிவாக இயங்குகிறது என்ற தெளிவுக்கு இந்த வேறுபாடு பெரிதும் உதவியது. குடலில் ஜியார்டியா ஒட்டுண்ணி நீங்காமல் தங்குவதும் எதிர்ப்பொருள் குறைந்தவர்களிடம் அடிக்கடி காணப்படுவதே.

எதிர்ப்பொருளில் பல வகை உண்டு. அவற்றுள் ஐஜி-ஏ வகையை ஜோசப் ஹெரெமன்ஸ் 1959இல் பிரித்தெடுத்தார். உமிழ்நீரில் மிகுந்திருப்பது அந்த வகையே என்று தாமஸ் தோமாசி 1963இல் காட்டினார். சளிச்சவ்வின் அடியிலுள்ள பிளாஸ்மா செல்கள் அதை இரட்டை மூலக்கூறாகச் செய்கின்றன. மேற்பரப்புச் செல்கள் ஓர் ஏற்பியின் துணையால் அதை வெளியே கடத்துகின்றன. அப்படியென்றால் ஐஜி-ஏ இல்லாதவர் ஓயாமல் நோயுற வேண்டும். ஆனால் 1964இல் வெளியான அறிக்கை, அது இல்லாமலே நலமாக வாழ்ந்த இரு ஆண்களைப் பற்றியது. அதே ஏற்பி ஐஜி-எம் வகையையும் கடத்துவதால் குறை ஓரளவு ஈடாகிறது. புரூட்டன் கண்ட குறையில் இரண்டுமே கிடையா. அதற்குக் காரணமான பிடிகே மரபணு 1993இல் அடையாளம் காணப்பட்டது.

1980களில் சிரை வழியே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள் மருந்து) பரவலானபின், உயிருக்கு ஆபத்தான தொற்றுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் சைனஸ் தொல்லையும் மூச்சுக்குழாய் விரிவும் பலருக்குத் தொடர்ந்தன. அம்மருந்து ஏறக்குறைய முழுவதும் ஐஜி-ஜி வகையே. அது நுரையீரலின் அடிப்பகுதிக்கு ஓரளவு கசிந்தாலும், மேற்பரப்புச் செல்கள் அதை அந்த ஏற்பி வழியாகக் கடத்துவதில்லை. உயிருள்ள போலியோ சொட்டு மருந்தும் இவர்களுக்கு ஆபத்தானது. அதிலுள்ள வைரஸ் குடலில் ஆண்டுக்கணக்கில் தங்கி, கைகால்களைச் செயலிழக்கச் செய்யும் வடிவுக்குத் திரும்பக்கூடும். ஆகவே போலியோ ஒழிப்புத் திட்டம் இத்தகைய நோயாளிகளைத் தேடி அவர்களின் மலத்தைச் சோதிக்கிறது.