ஊழியம்: ஒரு சொல்லும் ஓர் உறுதிமொழியும்

தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் தம் வாழ்வை இயேசுவின் பணிக்கென்று உறுதி செய்துகொள்வதை, 'ஊழியத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார்' என்று சொல்வது திருச்சபை வழக்கு. மிகவும் பழகிவிட்ட தொடராதலால், இதன் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பார் அரியர். மொழி வரலாறு பயில்வோர் அதைக் கேட்டே ஆகவேண்டும். ஏனெனில் 'ஊழியம்' என்பது ஒரு காலத்தில் எளிய மக்கள் விரும்பிச் சொன்ன சொல் அன்று.

இச்சொல்லுக்குக் கன்னடத்தில் 'ஊளிக', தெலுங்கில் 'ஊடிகமு' என உறவுச் சொற்கள் உள்ளன. பணிவிடை என்பதே பொதுப்பொருள். ஆயினும் திருவிதாங்கூர் அரசில் 'ஊழியம்' என்றால், தாழ்த்தப்பட்ட சாதியார் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலை. ஒல்லாந்தர் ஆண்ட இலங்கையிலும் கட்டாய உழைப்புக்கு இதுவே பெயர். ஆள்வோர் ஏவினர், குடிகள் உழைத்தனர். மறுப்பதற்கு வழியில்லை.

தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடி ஊரினர் மகாராசன். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போன அவர், தஞ்சையில் கிறிஸ்தவச் செய்தியைக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார். அவருடைய அழைப்பை ஏற்று, இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூர் வந்தார். மயிலாடியில் 1809இல் ஆலயம் எழுந்தது. வெளிநாட்டுப் போதகர் வருவதற்கு முன்பே ஓர் ஊர்க்காரர் எடுத்த முடிவு இதற்கு அடிப்படை என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கேதான் சொல்லின் கதை திரும்புகிறது. ஞாயிறு வழிபாட்டுக்குரிய நாள். ஆனால் அரசின் ஊழியத்துக்கு நாள்கணக்கு இல்லை. ஒரே உடல் இரண்டு எசமானர்க்கு ஒரே நாளில் உழைக்க இயலாது. ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. வாரத்தில் ஒருநாள்தான். எனினும் ஒருவர் வாய்மொழியாகச் செய்த உறுதி, அரசு கேட்ட வேலைக்கு எதிரே நின்று செல்லுபடியானது என்பது சிறிய செய்தி அன்று.

சலுகைக்காகவே பலர் மதம் மாறினர் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ரிங்கல்தௌபேயே தம்மிடம் வந்தோரின் நோக்கத்தை ஐயுற்றவர். எமக்கு அந்த ஐயம் பாதி நியாயமாகவே படுகிறது. கூலியில்லா வேலையிலிருந்து விடுபட விரும்புவதும் இயேசுவைப் பின்பற்ற விரும்புவதும் ஒரே நெஞ்சில் இருக்க முடியாதா? வயிறு நிறைந்தவர்களிடம் இந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை.

பவுல் அடிகள் ரோமருக்கு எழுதிய மடலின் தொடக்கத்தில் தம்மைக் கிறிஸ்துவின் 'தூலோஸ்' என்கிறார். கிரேக்கத்தில் அதன் நேர்ப்பொருள் அடிமை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'ஊழியக்காரன்' என்றது. கத்தோலிக்கத் திருவிவிலியம் 'பணியாளன்' என்கிறது. இரண்டுமே 'அடிமை'யைத் தவிர்த்துவிட்டன. இது நோக்கத்தக்கது. ஆழ்வார்கள் மரபில் வளர்ந்தவருக்கு இறைவனின் அடிமை என்பது பெருமைச் சொல். 1858இல் திருமுழுக்குப் பெற்று, பின்னாளில் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அத்தகைய வைணவ வேளாளர். ஆனால் திருவிதாங்கூரில் அடிமை என்பது விற்று வாங்கப்பட்ட மனிதரின் நிலை. 1855இல்தான் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஒரே சொல் ஒருவர் நாவில் பக்தியாகவும், மற்றவர் முதுகில் தழும்பாகவும் இருந்தது.

இனி இலக்கணத்தைப் பார்ப்போம். அரசின் ஊழியத்தில் மனிதர் செயப்படுபொருள். அவரை ஏவுபவர் வேறொருவர். 'தன்னை ஒப்புக்கொடுத்தான்' என்னும் தொடரிலோ எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே ஆள். 'ஒப்புக்கொடுத்தல்' முதலில் ஒரு பொருளைப் பிறர் பொறுப்பில் சேர்ப்பித்தலைக் குறிப்பது. பொருளைக் கொடுப்பதற்கு அது முதலில் தன்னுடையதாக இருக்கவேண்டும். தன் உடலே தன்னுடையதன்று என்று சொல்லப்பட்ட ஒருவர், 'என்னை ஒப்புக்கொடுக்கிறேன்' என்று சபை நடுவே சொல்லும்போது, தம்மை உடையவர் தாமே என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.

திருச்சபைக்கு வெளியே இச்சொல் வேறு வழியில் போயிற்று. சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் என்கிறோம்; மலேசியாவில் ஊழியர் சேமநிதி வாரியம் இருக்கிறது. கூலியே இல்லாத வேலையைக் குறித்த சொல், மாதந்தோறும் சம்பளத்திலிருந்து சேமிப்புப் பிடிக்கும் நிறுவனத்தின் பெயரில் இன்று நிற்கிறது.