தாய்ப்பாலை காய்ச்சலாமா? ஃப்ரிட்ஜில் வைத்தால் சத்து போயிடுமா? முழு விவரம் இதோ!

பால் வாங்கி வந்தால் முதலில் காய்ச்சுவதுதான் நம்ம வீட்டு வழக்கம். அதே பழக்கத்தில், எடுத்து வைத்த தாய்ப்பாலையும் அடுப்பில் வைக்கலாமா? கூடவே கூடாது. விசைத்தறி ஊரான சங்கரன்கோவில் போன்ற இடங்களில், பேறுகாலம் முடிந்து வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

சூடு படுத்தினால் என்ன ஆகும்?

தாய்ப்பாலில் உள்ள புரதங்கள் வளர்ச்சிக்கு மட்டும் இல்லை, பாதுகாப்புக்கும்தான். இம்யூனோகுளோபுலின் ஏ, லாக்டோஃபெரின், லைசோசைம் ஆகியவை குழந்தையை கிருமிகளிடம் இருந்து காக்கின்றன. சூட்டில் முட்டை வெள்ளைக்கரு உருமாறுவது போல இவையும் உருமாறிவிடும். புரதத்தின் அளவு பெரிதாகக் குறையாது. ஆனால் கிருமியை எதிர்க்கும் வேலையை அது செய்யாது.

அப்போ தாய்ப்பால் வங்கியில் ஏன் சூடு படுத்துகிறார்கள்?

அது வேறொரு தாயின் பால் என்பதால், நோய்க்கிருமி பரவக்கூடாது. அதனால் 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, உடனே குளிர்விக்கிறார்கள். இதில் பாதுகாப்புப் புரதங்களில் ஒரு பகுதி குறைந்தாலும், முழுசா அழியாது. சொந்தத் தாயின் பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைகளுக்கு பவுடர் பாலைவிட இதுவே நல்லது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது.

ஃப்ரிட்ஜில் வைத்தால்?

குளிர்ச்சி புரதங்களை சூடு அளவுக்குப் பாதிப்பதில்லை. 4 டிகிரியில் 4 நாள் வரை பாதுகாப்புப் புரதங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஃப்ரீசரில் உறைய வைத்தால் பாலில் உள்ள உயிருள்ள செல்கள் அழியும். புரதங்கள் பெருமளவு தப்பிக்கும். ஆனால் மாதங்கள் போகப் போக லாக்டோஃபெரின் குறையும். அதனால் முதலில் எடுத்ததை முதலில் கொடுங்க.

வீட்டில் எப்படி வைப்பது?

* வெளியே: 25 டிகிரி வரை 4 மணி நேரம். நம்ம ஊர் வெயிலுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம், சீக்கிரமே கொடுத்துடுங்க.
* வேலை இடத்தில் ஃப்ரிட்ஜ் இல்லையா? உறைந்த ஐஸ் பேக் போட்ட பெட்டியில் 24 மணி நேரம் வரை வைக்கலாம்.
* ஃப்ரிட்ஜில்: 4 நாள். கதவில் வைக்காமல் உள்பக்கமாக வைங்க.
* ஃப்ரீசரில்: 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது.
* கரண்ட் போய் பால் முழுசா உருகிவிட்டதா? குளிர்ச்சி குறையாமல் இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுங்க. மறுபடி உறைய வைக்காதீங்க.
* கொடுக்கும்போது: வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தாலே போதும். அடுப்பும் வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம்.
* குழந்தை குடித்து மீதம் வைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீங்க.

கடையில் வாங்கலாமா?

வேண்டாம். தாய்ப்பாலை விற்க அனுமதி இல்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் தெளிவாக அறிவித்துவிட்டது. மேலே சொன்ன நேரக் கணக்கு நிறைமாத, ஆரோக்கியமான குழந்தைகளுக்குத்தான். குறைமாதக் குழந்தை என்றால் டாக்டர் சொல்லும் அளவையே பின்பற்றுங்க.