முதல் வளைவும் ஹவாய் செருப்பும்

1998, ஆகஸ்ட் 30. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. தில்லி முனிர்காவில் மொட்டைமாடியில் ஒற்றை அறை, இங்கே அதற்கு 'பர்சாத்தி' என்று பெயர். நாங்கள் மூன்று பேர், எல்லாரும் பேச்சிலர்கள். வாடகை பாக்கி இருந்ததோ இல்லையோ, கேபிள் கனெக்‌ஷன் மட்டும் பாக்கியில்லாமல் இருந்தது. கரண்ட் இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். பெல்ஜியத்தில் ஸ்பா-ஃப்ராங்கோர்ஷாம் பந்தயம், அங்கே கொட்டுகிற மழை.

விளக்கு அணைந்தது. இருபத்திரண்டு கார்கள் கிளம்பின. முதல் வளைவைத் தாண்டி இறக்கத்தில் வந்தபோது கூல்ட்ஹார்டின் மெக்லாரன் ஓரச் சுவரில் மோதித் திரும்பி, தடத்துக்குக் குறுக்கே வந்து நின்றது. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் இருப்பது எதுவுமே தெரியவில்லை. டயர் கிளப்பிய தண்ணீர்ப் புகைக்குள்ளே ஒவ்வொரு காராக நுழைந்தது, உள்ளே ஒவ்வொன்றாக இடித்தது. சக்கரங்கள் தனியாக உருண்டுகொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று கார்கள்!

நாங்கள் கைதட்டினோம். உண்மையைச் சொல்லவேண்டுமல்லவா? விசில்கூட அடித்தோம். அப்போது வயது அப்படி.

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம் நம்ம வீட்டு ஜூனியர். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த வளைவின் சரித்திரத்தைப் பார்த்துவிடலாம்.

அந்த வளைவின் பெயர் லா சோர்ஸ். பிரெஞ்சில் 'ஊற்று' என்று அர்த்தம். தலையில் குத்தும் கொண்டை ஊசி மாதிரி கிட்டத்தட்ட முழுசாகத் திரும்புகிற வலது வளைவு. ஆர்டென் காட்டுக்குள்ளே 1920களில் ஊர்ச்சாலைகளை இணைத்து உருவான தடம் ஸ்பா. ஃப்ராங்கோர்ஷாம், மால்மெடி, ஸ்டாவ்லோ என்று ஊர்களைச் சுற்றிக்கொண்டு ஒரு சுற்றே சுமார் 14 கிலோமீட்டர். ஓரத்தில் வீடு, மரம், தந்திக்கம்பம், முள்வேலி எல்லாம் உண்டு. அந்தக் காலத்தில் பந்தயம் தொடங்கும் கோடு லா சோர்ஸைத் தாண்டி, இறக்கத்தில் இருந்தது. அதாவது லா சோர்ஸ் அப்போது கடைசி வளைவு. 1979-ல் தடத்தைச் சுமார் 7 கிலோமீட்டராகச் சுருக்கி, பிறகு தொடக்கக் கோட்டையும் லா சோர்ஸுக்கு முன்னால் மாற்றினார்கள். கடைசியில் இருந்த வளைவு முதலுக்கு வந்தது. வினையும் கூடவே வந்தது.

அதற்கு முன்னால் மட்டும் ஸ்பா சாதுவாக இருந்ததா என்றால், இல்லை. 1966-ல் பந்தயம் காய்ந்த தரையில் தொடங்கியது. தடம் நீளமல்லவா, காட்டின் மறுபக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. முதல் சுற்றிலேயே பாதிக்குப் பாதி கார்கள் போயே போச்சு. ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் தடத்தை விட்டுப் பறந்து நசுங்கியது. ஸ்டியரிங் வீலுக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டது, உடம்பெல்லாம் பெட்ரோல். ஒரு பொறி பட்டால் கதை முடிந்தது. மீட்க ஆளில்லை. அவரைப் போலவே தடத்தை விட்டு விலகிய கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும் ஓடிவந்து, வேடிக்கை பார்க்க வந்தவரிடம் ஸ்பானர் கடன் வாங்கி ஸ்டியரிங்கைக் கழற்றி அவரை வெளியே எடுத்தார்கள். அதற்கப்புறம் ஸ்டூவர்ட் தன் காரிலேயே ஒரு ஸ்பானரை ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார். சீட் பெல்ட், தடுப்புச் சுவர், மருத்துவர் என்று ஒவ்வொன்றுக்காகவும் சண்டை போட்டார். பயந்தாங்கொள்ளி என்று ஏசினார்கள். மூன்று முறை உலகச் சாம்பியன் ஆனவரை!

சரி, முதல் வளைவில் மட்டும் ஏன் இத்தனை மோதல்? யோசித்தால் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. மற்ற எந்த வளைவுக்கும் கார்கள் ஓரளவு வரிசையாக வந்து சேரும். முதல் வளைவுக்கு மட்டும் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள். தொடக்கத்தில் ஒரு காருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வெறும் 8 மீட்டர், இடதும் வலதுமாக மாறி மாறி. டயர் இன்னும் சரியாகச் சூடாகவில்லை. கார்பன் பிரேக்கும் சூடானால்தான் நன்றாகப் பிடிக்கும். டேங்கில் பெட்ரோல் முழுசாக இருப்பதால் கனம் வேறு. முன்னால் போகிற கார் காற்றைக் கலைத்துவிடுவதால், பின்னால் வருகிற காரின் இறக்கைகள் தரையை அழுத்துவதும் குறைகிறது. முன்னால் இருப்பவர் கொஞ்சம் பிரேக் போட்டால் அடுத்தவர் அதைவிட அதிகம் போடவேண்டும், அதற்கடுத்தவர் இன்னும் அதிகம். பத்தாவது ஆளுக்கு வரும்போது இடமே இருக்காது. லா சோர்ஸில் இது இன்னும் மோசம். கோட்டிலிருந்து வளைவுக்குச் சில நூறு மீட்டர்தான். அதற்குள் வேகம் எடுத்து, உடனே ஊர்ந்து போகிற வேகத்துக்குக் குறைக்கவேண்டும்.

தில்லிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜனவரி மாதம் விடியற்காலையில் ஆக்ரா போகிற எக்ஸ்பிரஸ்வேயில் மூடுபனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் வண்டி நின்றால் இரண்டாவதுக்குத் தெரியாது. பிறகு வரிசையாகப் பத்து, இருபது வண்டி. ஸ்பாவில் பனிக்குப் பதில் டயர் கிளப்பும் நீர்த்திவலை. அவ்வளவே வித்தியாசம்.

1998-க்கு வருவோம். பதின்மூன்று கார் நொறுங்கியும் யாருக்கும் பெரிய காயமில்லை. அதிசயம்தான். ஒரு மணி நேரம் போல நிறுத்திவைத்து, உபரிக் கார்களில் ஏறி மறுபடி ஆரம்பித்தார்கள். நான்கு பேருக்கு உபரிக் காரும் இல்லை. இரண்டாம் தொடக்கத்தில் லா சோர்ஸ் தன் வேலையை மறுபடி காட்டியது. ஹக்கினென் அங்கேயே சுழன்று நின்றார், ஹெர்பர்ட் வந்து இடித்தார், சாம்பியன்ஷிப்பில் முன்னணியில் இருந்தவருக்கு ஆட்டம் முடிந்தது. கடைசியில் ஜெயித்தது டேமன் ஹில். ஜோர்டன் அணிக்கு அதுதான் முதல் வெற்றி. இரண்டாம் இடமும் அவர்களுக்கே. ஏழு வருஷம் கழித்து, 2005-ல், நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் காலடி வைத்தது அதே ஜோர்டன் அணியில்தான். (ஊர்ப்பாசம், விடமுடியுமா?)

அடுத்தது 2012, செப்டம்பர் 2. இதற்குள் முனிர்கா போய் மயூர் விஹார் வந்தாயிற்று, கல்யாணம் ஆகி ஜூனியரும் வந்தாயிற்று. நரேன் அந்தப் பந்தயத்தில் வரிசையின் பின்கோடியில் நின்றிருந்தார். அவருக்காகத்தான் டிவி போட்டேன். வறண்ட தரை, நல்ல வெளிச்சம். மழை மேல் பழி போட வழியில்லை. லோட்டஸ் ஓட்டிய ரோமான் குரோஷான் என்கிற இளைஞர் வலது பக்கம் நகர்ந்துகொண்டே வந்தார். பக்கத்தில் ஹாமில்டன் இருப்பதைத் தாண்டிவிட்டதாக நினைத்தார். சக்கரமும் சக்கரமும் கோத்துக்கொண்டன. இரண்டு காரும் கட்டுப்பாடு இழந்து முன்னால் பாய, குரோஷானின் கார் அலோன்சோவின் ஃபெராரிக்கு மேல் பறந்தது. அலோன்சோவின் தலைக்கும் அந்தக் காருக்கும் நடுவில் இருந்தது கொஞ்சம் காற்று மட்டுமே. அப்போதெல்லாம் ஓட்டுநரின் தலை வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும்.

நான் கை தட்டவில்லை. மடியில் ஜூனியர் உட்கார்ந்திருந்தான்.

குரோஷானுக்கு ஒரு பந்தயத் தடை, 50,000 யூரோ அபராதம். 1994-க்குப் பிறகு இப்படி ஒருவரை உட்காரவைத்தது அதுவே முதல் முறை. அலோன்சோ அன்று காலை 40 புள்ளி முன்னிலையில் இருந்தார். வருஷக் கடைசியில் வெட்டலிடம் 281-க்கு 278 என்று மூன்றே புள்ளியில் பட்டத்தை இழந்தார். ஒரு வளைவின் விலை அது. அடுத்த மாதமே ஜப்பானில் முதல் சுற்றில் வெப்பரை இடித்து, அவரிடம் 'முதல் சுற்றுப் பைத்தியம்' என்கிற மாதிரியான பட்டத்தையும் வாங்கிக்கொண்டார் குரோஷான்.

2018-ல் ஓட்டுநரின் தலைக்கு மேல் 'ஹேலோ' என்று ஒரு டைட்டானியம் வளையத்தைப் பொருத்தினார்கள். எடை ஏழு கிலோ போல, தாங்குவது சுமார் 12 டன். பார்க்க எப்படி இருக்கும்? அச்சு அசல் ஹவாய் செருப்பு வார். உலகமே கேலி செய்தது. நானும் செய்தேன். 'அழகான காரைக் கெடுத்துட்டானுங்க' என்று ஆபீஸ் கேன்டீனில் அரை மணி நேரம் உரையாற்றியிருக்கிறேன். எதிர்த்தவர்களில் குரோஷானும் ஒருவர். திறந்த காக்பிட் இருந்தால்தான் பந்தயம் என்பது எங்கள் கட்சி.

அதே வருஷம் ஆகஸ்ட் 26. மறுபடி ஸ்பா, மறுபடி லா சோர்ஸ். ஹல்கன்பெர்க் பிரேக் பிடிக்கத் தாமதித்து அலோன்சோவின் பின்னால் மோத, அலோன்சோவின் கார் எழும்பி சார்ல் லெக்லேரின் சாபருக்கு மேல் பறந்தது. ஆறு வருஷத்துக்கு முந்தைய காட்சியைத் திரும்பப் போட்ட மாதிரி. இந்த முறை பறந்த கார் ஹேலோவின் மேல் உரசிப் போனது. கார் நின்றதும் காட்டினார்கள். வெள்ளை வளையத்தில் கறுப்பாக டயர் தடம். பிறகு நடந்த விசாரணையில், ஹேலோ இல்லாவிட்டால் அலோன்சோ காரின் முன் இறக்கை நுனி லெக்லேரின் ஹெல்மெட் கண்ணாடியைத் தொட்டிருக்க வாய்ப்புண்டு என்று முடிவு சொன்னார்கள். லெக்லேருக்கு அப்போது வயது 20. அவருடைய ஞானத்தந்தை ஜூல் பியாங்கி, 2014-ல் ஜப்பானில் மழையில் மோதித் தலையில் அடிபட்டு, மறு வருஷம் இறந்துபோனவர். தனக்கு ஹேலோ பிடித்ததில்லை, ஆனால் இன்று தலைக்கு மேல் இருந்ததில் சந்தோஷம் என்கிற மாதிரி சொன்னார் லெக்லேர். தங்கமணி என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க செருப்பு வார் என்னாச்சு?" என்றாள். பதில் பேச வாய் வரவில்லை.

2020, நவம்பர் 29. பஹ்ரைனில் முதல் சுற்று. குரோஷானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு போய் இரண்டாக உடைந்து தீப்பிடித்தது. கிட்டத்தட்ட 28 நொடி நெருப்புக்குள்ளே இருந்துவிட்டு, தானே எழுந்து வெளியே வந்தார். தடுப்பின் இரும்பைத் தலைக்குப் பதிலாக வாங்கிக்கொண்டது அந்த வளையம். கை முழுக்கக் கட்டோடு ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவர் பேசியது, சில வருஷம் முன்பு ஹேலோ வேண்டாம் என்றேன், அது இல்லாவிட்டால் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்பதுதான். லா சோர்ஸில் அலோன்சோவின் தலைக்கு மேல் பறந்தவர் அதே மனிதர்!

ஹேலோ வந்ததும் சாவே இல்லை என்று சொல்லமாட்டேன். 2019-ல் அதே ஸ்பாவில், லா சோர்ஸ் தாண்டி வருகிற மேட்டில் ஆந்துவான் ஊபேர் என்ற 22 வயது இளைஞர் இறந்தார். 2023-ல் மழைப் புகையில் டிலானோ வான்ட் ஹாஃப், வயது 18. வளையம் தலையைக் காக்கும். பக்கவாட்டில் முழு வேகத்தில் வந்து மோதுவதையும், கண்ணை மறைக்கும் தண்ணீரையும் அது என்ன செய்ய முடியும்? 2021-ல் ஸ்பாவில் மழை விடவே இல்லை. பாதுகாப்புக் காருக்குப் பின்னால் சில சுற்று ஊர்வலம் போய்விட்டுப் பாதிப் புள்ளி கொடுத்து அனுப்பினார்கள். டிக்கெட் வாங்கி நனைந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு 1998-ன் பதின்மூன்று கார்கள் ஞாபகம் வந்தன. திட்டத் தோன்றவில்லை.

இப்போது ஜூனியர் விஷயம். காலேஜ் போகிறான். மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் ஸ்கூட்டி. ஹெல்மெட் இருக்கிறது, நல்ல ஹெல்மெட், நான்தான் கரோல் பாக் போய் வாங்கிக் கொடுத்தேன். அது வலது முழங்கையில் தொங்கும். போலீஸைப் பார்த்தால் மட்டும் தலைக்கு ஏறும். போன டிசம்பரில் பனியில் ரவுண்டானா பக்கம் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நிற்க, இவன் பிரேக் பிடித்துச் சறுக்கி விழுந்தான். கன்னத்திலும் முழங்காலிலும் சிராய்ப்பு. முழங்கை மட்டும் பத்திரம், அதில்தான் ஹெல்மெட் இருந்ததே.

திட்ட ஆரம்பித்தேன். "முடி கலைஞ்சிடும்ப்பா, பாக்கவும் நல்லாயில்ல" என்றான். கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசித்தேன். ஆபீஸ் கேன்டீனில் நான் பேசியதுதான்.

திட்டுவதை நிறுத்திவிட்டு லேப்டாப்பைத் திறந்து 2018 லா சோர்ஸ் படத்தைக் காட்டினேன். வெள்ளை வளையம், கறுப்புத் தடம். "இதுல உக்காந்திருந்தவனுக்கு உன் வயசுதான்டா, ஒண்ணு ரெண்டு கூட இருக்கும்" என்றேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கேட்டைத் தாண்டும்போது ஹெல்மெட் தலையில் இருந்தது. தெரு முனையில் ஒரு வளைவு இருக்கிறது. அதற்கப்புறம் என் கண்ணுக்குத் தெரியாது.