ஊசித்தையல் (தென்காசி, குற்றாலம் வட்டாரம்)

ஊசித்தையல்: துணியின் இழைகளை எண்ணி, கட்டம் கட்டமாக வண்ணநூலால் நிரப்பி உருவம் எடுக்கும் கைவேலை. ஐரோப்பாவில் இதைக் கனத்த வலைத்துணியில் கம்பளிநூல் கொண்டு செய்கிறார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் அந்த இடத்தைக் கட்டம் தெரிய நெய்த மேட்டித் துணியும் ஆறிழைப் பருத்திநூலும் பிடித்துக்கொண்டன. கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிய அன்னம், கிளி ஜோடி, குத்துவிளக்கு, ‘நல்வரவு’, ரேடியோவுக்கும் டிவிக்கும் போட்ட உறை, தலையணை உறை, மேசைவிரிப்பு ஆகியவை தென்மாவட்ட வீடுகளில் இதன் பழகிய வடிவங்கள்.

தென்மாவட்டங்களில் பெண்களின் நூல்வேலை பொழுதுபோக்காகப் பிறக்கவில்லை. பள்ளிக்கூடமும் பிழைப்பும்தான் அதன் தாய்வீடு. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். மார்த்தா தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னலும் சொல்லிக் கொடுக்கப்பட்டது. நாகர்கோவில் அப்போது இருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி முழுமையாக ஒழிந்தது. அதற்கு முன்பே லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். தமிழகக் கைவேலை வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி இருப்பதாகத் தெரியவில்லை. பாடநூல்கள் இதைச் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது.

அதே காலத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. மிஷனரிப் பெண்கள் அவர்களுக்குக் குப்பாயம் என்னும் மேல்சட்டையை வெட்டவும் தைக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். அதை அணிந்து சந்தைக்குப் போனவர்கள் தெருவில் அடிபட்டார்கள், அவர்களின் துணி கிழிக்கப்பட்டது. 1859இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிப்பு, மார்பை மறைக்கும் உரிமையை ஒப்புக்கொண்டது. ஆனாலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடையை அது விடவில்லை. குற்றாலத்தை ஒட்டியிருக்கும் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரின் ஒரு பகுதி. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆகவே இந்த வரலாற்றில் தென்காசி வட்டாரத்துக்கும் நேரடிப் பங்கு உண்டு.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். தேரி மணலும் பனையுமான ஊர் அது. தாயிடம் கற்ற லேஸ் வேலையை அங்கே பெண்களுக்குப் பழக்கினார். கெட்டித் தலையணை மேல் புள்ளி குத்திய வரைதாளை விரித்து, புள்ளிதோறும் குண்டூசி நட்டு, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பின்னுவது அதன் முறை. ஊசியால் தைப்பதிலிருந்து இது வேறுபட்ட தொழில்தான் என்றாலும், கணக்குத் தவறினால் அவிழ்த்துத் திரும்பப் போடவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. கால்டுவெல்லின் திராவிட மொழி ஒப்பிலக்கணத்தைப் பற்றி நூல்கள் குவிந்திருக்கின்றன. எலைசா நடத்திய லேஸ் வகுப்புக்கும் அவற்றில் ஓர் அத்தியாயமாவது ஒதுக்கப்பட வேண்டும்.

கட்டம் எண்ணும் தையல் வேறு வழியில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் அச்சகங்கள் கட்டத்தாளில் வண்ணம் தீட்டிய மாதிரிகளை விற்கத் தொடங்கின. ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்பதால் ஓவியம் வராதவரும் ரோஜாவையும் நாய்க்குட்டியையும் தைக்க முடிந்தது. அந்த மோகம் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அந்தத் தையல் இங்கே வந்தபோது, இழை எண்ணும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதாகவும் இல்லை. நீலகிரித் தோடர் பெண்கள் வரைபடம் எதுவுமின்றி, பூத்துக்குளி என்னும் வெள்ளைப் போர்வையில் சிவப்பு, கறுப்பு நூலால் விரலால் எண்ணியே தைக்கிறார்கள். அந்தத் தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் வீட்டுப் பெண்களின் கையில் புள்ளிக்கோலமும் இருந்தது. புள்ளி எண்ணிப் பழகியவர்களுக்குக் கட்டம் எண்ணுவது கடினமாக இல்லை.

நூலுக்குத் தொலைவு போகவேண்டியிருக்கவில்லை. 1880களில் ஹார்வி நிறுவனத்தார் பாபநாசத்தில், தாமிரபரணி அருவியின் நீர்விசையைக் கொண்டு நூற்பாலை நிறுவினர். ஹார்வி ஆலைகள் பின்னர் மதுரா மில்ஸ் ஆகி, 1970களில் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. அந்தப் பெயரின் கீழ் விற்ற ஆங்கர் நூல்தான் தையல் படித்த மாணவியின் டப்பாவில் எண் வாரியாக அடுக்கப்பட்டிருந்தது.

இக்கலையை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவர் தையல் டீச்சர். ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல், மீன்முள் தையல், கிராஸ் தையல் என்று ஒவ்வொன்றையும் கைக்குட்டையளவுத் துணியில் தைத்து, நீள நோட்டில் ஒட்டி, பக்கத்தில் பெயர் எழுதி ஒப்படைக்க வேண்டும். அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலும் எம்ப்ராய்டரியும் லோயர், ஹையர் என இரு நிலைகளில் இருந்தன. தேறியவர்கள் சிலர் தாங்களே டீச்சர் ஆனார்கள். ஆனால் தென்காசி, ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கம் பெண்களின் கையை நிரப்பியது முறமும் பீடி இலையும்தான் என்பதை மறக்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் பீடி சுற்றிக் கொடுக்கவேண்டிய வீட்டில் மேட்டித் துணிக்கு நேரம் கிடைப்பது அரிது. பொழுதுபோக்குத் தையல் பெரும்பாலும் கொஞ்சம் ஓய்வு வாய்த்த வீடுகளின் சொத்தாகவே இருந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர் துணியை நான்காக மடித்து நடுப்புள்ளியைக் குறித்து, அங்கிருந்தே படத்தைத் தொடங்க வேண்டும். முனை மழுங்கிய ஊசி நல்லது, அது இழையைப் பிளக்காது. ஆறிழையில் இரண்டு மூன்றைப் பிரித்து, முழங்கை நீளத்துக்கு மேல் போகாமல் வெட்டிக்கொள்ள வேண்டும். நீண்ட நூல் முறுக்கிச் சிக்கும். முடிச்சுப் போடாமல் நுனியைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் செலுத்தி நிறுத்த வேண்டும். எல்லாக் கிராஸிலும் மேல்கோடு ஒரே பக்கம் சாய்ந்திருப்பதுதான் வேலையின் நேர்த்தி. ஒன்று மாறிச் சாய்ந்தாலும் சுவரில் மாட்டியபின் கண் அங்கேயே போய் நிற்கும்.

குற்றாலம் பகுதியில் இன்னொரு கவனம் தேவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் அடிக்கும். சுவரும் காற்றும் ஈரம் பாரித்துவிடும். கண்ணாடி துணியைத் தொட்டுக்கொண்டிருந்தால் உள்ளே நீர் கோத்துப் பழுப்புப் புள்ளிகளும் பூஞ்சையும் வரும். சட்டமிடும்போது துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்ல வேண்டும். மழை மோதும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுவது நல்லது. சிவப்பு நூல் சாயம் விடுகிறதா என்று நனைத்துப் பார்த்த பிறகே தைக்கத் தொடங்க வேண்டும். பெட்டியில் வைப்பதானால் வசம்புத் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து போட்டால் பூச்சி அண்டாது.

நாகர்கோவில், இடையன்குடி லேஸுக்கு மிஷன் ஆவணங்கள் உண்டு. வீட்டுத் தையலுக்கு அந்தத் துணியே ஆவணம், அதிலும் தைத்தவர் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். மாவட்டத்தின் பண்பாட்டு வரலாற்றைத் தொகுப்பவர்கள் கோயிலையும் அருவியையும் போலவே இந்தக் கைவேலைகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். வாசகர்கள் செய்யக்கூடியது எளிது: வீட்டில் ஆச்சியோ அத்தையோ தைத்த படம் இருந்தால், அவர்களிடமே கேட்டு, சட்டத்தின் பின்பக்கம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள்.