சிறுவர் கிட்டப்பார்வையும் அன்றாடப் பழக்கங்களும்

விழிக்கோளம் அளவுக்கு மீறி நீளும்போது, தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது, இதுவே கிட்டப்பார்வை. பெற்றோரிடமிருந்து வருவது, தடுக்க இயலாது என்ற எண்ணம் இன்றும் பரவலாக உண்டு. மரபுக்குப் பங்கு உண்டுதான். ஆனால் கிழக்காசிய நகரங்களில் இரண்டு மூன்று தலைமுறைக்குள் இக்குறை பெருகிய வேகத்தை மரபணுக்களால் விளக்க முடியாது. அவை அத்தனை விரைவில் மாறுவதில்லை. 2008இல் வெளியான ஆய்வு ஒன்று சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறேழு வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டது. சிங்கப்பூரில் 29 விழுக்காட்டினருக்கும் சிட்னியில் 3 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. சிட்னிக் குழந்தைகள் வாசிப்பில் குறைந்தவர்கள் அல்லர். வெளியில் கழித்த நேரமே பெரிதும் வேறுபட்டது.

வெளியில் விளையாடுவோர் வேறு வகையிலும் வேறுபட்டிருக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. அதற்குச் சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்த சோதனை ஒன்று விடையளித்தது. பள்ளி நாளில் 40 நிமிட வெளிப்புற வகுப்பைச் சேர்த்த பள்ளிகளில், மூன்றாண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தோர் 30 விழுக்காடு. மற்றப் பள்ளிகளில் ஏறத்தாழ 40. பகலொளி விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தூண்டி விழி நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பதே வலுவான கருதுகோள். இதனால் நெடுநேர நெருக்க வாசிப்பும் கைபேசியும் குற்றமற்றவை ஆகிவிடா. ஏற்கெனவே வந்த குறையை வெயில் நீக்காது. ஆகவே கண்ணாடி தேவைப்படும் முன்பே, நாள்தோறும் இரண்டு மணி நேரம் குழந்தைகளை வெளியே விளையாட விட வேண்டும்.