தாதியர் அனுமதிப் பரீட்சை: திகதியை எப்படித் தீர்மானிப்பது?

யாழ்ப்பாணத்தில் தாதியர் கற்கையை முடித்து, வெளிநாட்டுப் பதிவுக்காகப் படித்துக்கொண்டிருக்கும் நமது பிள்ளைகள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி, "இன்னும் சோதனை எழுதவில்லையா?" என்பதாகும். வீட்டார் கேட்கிறார்கள், முகவர் கேட்கிறார், கல்யாண வீட்டில் காணும் உறவினர்களும் கேட்கிறார்கள். "ஆயத்தமாகிவிட்டீர்களா?" என்று கேட்பவர்கள் குறைவு. இந்த நெருக்குதலுக்காகவே சிலர் திகதி எடுக்கிறார்கள். வேறு சிலர் பயத்தில் வருடக்கணக்காகத் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டிலும் நட்டம் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும்தான். நகையை வட்டிக்கு அடகு வைத்துக் கட்டணம் கட்டும் நிலை நமது சமூகத்தில் இருக்கும்வரை, பரீட்சைத் திகதி என்பது மார்க்கத்தையும் வாழ்வாதாரத்தையும் தொடும் ஒரு முடிவாகும்.

எந்த நாட்டுக்கு எந்தப் பரீட்சை?

யாழ்ப்பாணம் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் டிப்ளோமா பெற்றவரானாலும், யாழ். பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் பெற்றவரானாலும், வெளிநாட்டில் பணிபுரிய அந்த நாட்டின் அனுமதி வேண்டும்.

சவூதி, கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற நாடுகளில், டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனம் ஊடாகச் சான்றிதழ்கள் மூலத்திலேயே சரிபார்க்கப்படும். அத்துடன் கணினிவழிப் பரீட்சையும் உண்டு. அது பெரும்பாலும் புரொமெட்ரிக் நிலையங்களில் நடைபெறும்.

பிரித்தானியாவில் இரண்டு கட்டங்கள். முதலாவதான சி.பி.ரி. கணினிவழிப் பரீட்சையைச் சொந்த நாட்டிலிருந்தே எழுதலாம். அதில் மருந்துக் கணக்குப் பகுதிக்கு 15 வினாக்கள், 30 நிமிடங்கள். தாதியர் அறிவுப் பகுதிக்கு 100 வினாக்கள், இரண்டரை மணித்தியாலங்கள். இரண்டாவதான ஓஸ்கி செயன்முறைப் பரீட்சை பிரித்தானியாவிலேயே நடக்கும். இவற்றுக்கு அப்பால் ஆங்கிலத் தகைமையும் வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்றால் எழுத்தில் 6.5, ஏனைய மூன்றிலும் 7.

அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015 முதல் இதையே பயன்படுத்துகின்றன. 2023 ஏப்ரலில் அறிமுகமான புதிய அமைப்பின்படி ஆகக் குறைந்தது 85, ஆகக் கூடியது 150 வினாக்கள். நேரம் ஐந்து மணித்தியாலங்கள். ஒருவர் தரும் விடைகளுக்கேற்ப அடுத்த வினாவின் கடினம் மாறும். அவர் சித்தி மட்டத்துக்கு மேலா கீழா என்பது 95 சதவீதம் உறுதியானதும் கணினி நின்றுவிடும். ஆகவே 85இல் நின்றதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. 85இல் சித்தியடைந்தவரும் உண்டு, தவறியவரும் உண்டு.

முதலில் ஆவணம், பிறகு திகதி

நமது சமூகத்தில் பலர் தடுமாறும் இடம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு முஹம்மத், கல்விச் சான்றிதழில் வேறு எழுத்தில், கடவுச்சீட்டில் இன்னொரு விதமாக. தந்தை பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுமையாகவும் இருக்கும். 1990 வெளியேற்றத்தில் ஆவணங்களை இழந்த குடும்பங்களில் பெற்றோர் பெயரிலேயே இந்தச் சிக்கல் தொடங்குகிறது. பரீட்சைக்குப் பதிந்த பெயரும் கடவுச்சீட்டுப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மண்டப வாசலிலேயே திரும்பவேண்டிவரும். புத்தளத்தில் பிறந்து யாழ்ப்பாணத்தில் படித்த பிள்ளைக்கு இரண்டு மாவட்டங்களிலும் அலைச்சல் இருக்கலாம். படிப்பின் இறுதி ஆண்டிலேயே இதைச் சீர்செய்வது நல்லது.

காலாவதியையும் கணக்கில் எடுங்கள். பிரித்தானியாவுக்கான ஐ.ஈ.எல்.டி.எஸ். பெறுபேறும் சி.பி.ரி. சித்தியும் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். ஆவணங்கள் ஓராண்டு இழுபட்டால், அவசரமாக எழுதிய பரீட்சையின் பயன் பாதியாகிவிடும்.

என்க்ளெக்ஸில் மாநிலச் சபைக்கான விண்ணப்பமும் பியர்சன் வியூ நிறுவனத்தில் செய்யும் பரீட்சைப் பதிவும் வெவ்வேறு வேலைகள். முதலாவதுதான் மாதக்கணக்கில் எடுக்கும். இரண்டும் நிறைவேறியதும் பரீட்சை அனுமதி வரும். அது சராசரியாக 90 நாட்களுக்குத்தான் செல்லும், அதை நீடிக்கவும் முடியாது. அதற்குள் எழுதாவிட்டால் கட்டிய 200 டொலரும், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவோர் மேலதிகமாகக் கட்டும் 150 டொலரும் வீண். எனவே மாநிலச் சபை வேறுவிதமாகக் கேட்காவிட்டால், விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, பரீட்சைப் பதிவை ஆயத்தம் கூடிவரும்வரை தாமதிக்கலாம். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், பதியும் நாளில் உத்தியோகபூர்வ தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குத் தெரியும், கேள்வி புரியவில்லை

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தமிழில் மருத்துவம் விளங்கும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று இருக்கிறது. ஆனால் மேற்சொன்ன பரீட்சைகள் ஆங்கிலத்தில்தான். உயர்தரம்வரை தமிழ்மொழிமூலம் படித்த பிள்ளைக்கு, பாடத்தைவிட வினாவின் நடைதான் தடையாகிறது.

ஓர் உதாரணம். 1000 மில்லிலீற்றர் சேலைன் எட்டு மணித்தியாலங்களில் ஏற வேண்டும். செட் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளிகள் தரும். 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளிகள். நமது பிள்ளைகள் இதை எளிதாகச் செய்வார்கள். இதே கணக்கை ஆறு வரி ஆங்கிலத்தில், தேவையற்ற இரண்டு எண்களையும் சேர்த்துக் கேட்டால் தடுமாறுவார்கள். நாளொன்றுக்குப் பத்து வினாக்களையாவது எடுத்து, "என்ன கேட்கிறார்கள்?" என்பதைத் தமிழில் ஒரே வரியில் எழுதிவிட்டு விடைக்குப் போகும் பயிற்சி இதற்கு உதவும்.

இன்னொரு வேறுபாடு முடிவெடுப்பது. நமது விடுதிகளில் டொக்டரின் கட்டளைக்குக் காத்திருந்து பழகியவரிடம், இந்தப் பரீட்சைகள் "நான்கு நோயாளரில் யாரை முதலில் பார்ப்பீர்கள்?" என்று கேட்கும். வலியால் சத்தமிடுபவரைவிட, தைரொயிட் சத்திரசிகிச்சைக்குப் பின் மூச்சில் இரைச்சல் கேட்பவரே முதலாமவர். அவருடைய சுவாசப் பாதை அடைபடலாம். இந்தத் தீர்மானம் மனப்பாடத்தால் வராது. ஒவ்வொரு விடைக்கும் "ஏன்?" என்று எழுதிப் பார்ப்பதால் வரும்.

திகதி எடுக்க மூன்று அளவுகோல்கள்

ஒன்று: முன்பு பார்த்திராத வினாக்களைக் கொண்ட முழுநீள மாதிரிப் பரீட்சைகளை உரிய நேரத்துக்குள், கைபேசியை அணைத்துவைத்து எழுதுங்கள். அடுத்தடுத்து மூன்றில் இலக்கைத் தாண்டினால் திகதி எடுக்கலாம். ஏற்கெனவே செய்த வினாத்தாளில் வரும் 90 புள்ளி ஞாபகசக்தியின் புள்ளி.

இரண்டு: பிழைகளைப் பிரித்து எழுதுங்கள். பாடம் தெரியாமல் விட்டதா, கேள்வியைப் பிழையாக வாசித்ததா, நேரம் போதாமையா? முதலாவது வகை அதிகமாக இருந்தால் திகதி எடுக்க இன்னும் காலம் ஆகவில்லை. பின்னிரண்டுமே மிஞ்சியிருந்தால் சில வாரப் பயிற்சி போதும்.

மூன்று: பிந்திய எல்லை ஒன்றையும் குறியுங்கள். படிப்பு முடிந்து காலம் நீள நீள, சித்தியடையும் வாய்ப்பு குறையும். மறுபக்கம், என்க்ளெக்ஸை மீண்டும் எழுதுவோரின் சித்தி வீதம் முதன்முறை எழுதுவோரைவிட மிகவும் குறைவு என்பதை வருடாந்தப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. "சும்மா ஒருமுறை எழுதிப் பார்ப்போம்" என்பது விலை கூடிய ஒத்திகை. தவறினால் குறைந்தது 45 நாட்கள் காத்திருந்து, முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்டவேண்டும்.

இந்த மூன்றையும் பார்த்த பின் இஸ்திகாரா தொழுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. மாதிரிப் பரீட்சை என்பது அந்தக் கயிறு.

நமக்கே உரிய சில கவனங்கள்

ரமழானில் எழுதுவதா என்பதை அவரவர் உடல்நிலையும் வேலை நேரமும் சொல்லும். இரவுப் பணியும் நோன்பும் ஐந்து மணித்தியாலப் பரீட்சையும் ஒரே வாரத்தில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்க்ளெக்ஸில் இரண்டு மணித்தியாலங்களின் பின்பும் மூன்றரை மணித்தியாலங்களின் பின்பும் இடைவேளை தரப்படும். அது பரீட்சை நேரத்திலேயே கழியும் என்பதால், ளுஹருக்கு ஏற்றபடி அமர்வைத் தெரிவுசெய்வது நல்லது.

ஓஸ்கியில் முழங்கைக்குக் கீழ் கை திறந்திருக்க வேண்டும். பணியிடத்தில், ஒருமுறை பயன்படுத்தி வீசும் கையுறைச் சட்டைக்கு 2010ஆம் ஆண்டின் பிரித்தானிய சுகாதாரத் திணைக்கள வழிகாட்டல் இடமளிக்கிறது. பரீட்சையில் என்ன செய்யலாம் என்பதை நிலையத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் தூங்காமல் போய்க் காலையில் பரீட்சைக்கு உட்காராதீர்கள். என்க்ளெக்ஸ் நிலையம் உள்ள அயல் நகரங்களில் சென்னையும் ஒன்று. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானசேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு வசதி. எங்கு எழுதினாலும் முதல்நாளே சென்று தங்குங்கள்.

முகவர் ஊடாகப் போவோர், அவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். "பரீட்சைக் கேள்விகள் எங்களிடம் இருக்கின்றன" என்பவரிடம் காசு கொடுப்பது மோசடிக்குத் துணைபோவது. அகப்பட்டால் பெறுபேறும் இரத்தாகும்.

வீட்டாரும் பள்ளிவாசலும்

காயப்பட்ட ஸஹாபாக்களுக்குப் பணிவிடை செய்த ருபைதா (ரழி) அவர்களின் கூடாரம் மஸ்ஜிதுந் நபவியில் அமைந்திருந்தது. அந்தப் பணிக்கு நமது பெண்பிள்ளைகள் ஆயத்தமாகும்போது நாம் செய்யவேண்டியது பெரிதல்ல. பணி முடிந்து வீடு வரும் பிள்ளைக்குச் சமையலறையிலிருந்து தினமும் இரண்டு மணித்தியாலம் விடுதலை கொடுக்கலாம். "எப்போது?" என்று கேட்பதைக் குறைக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் மாலை வேளைகளில் இணைய வசதியுள்ள அமைதியான ஓர் அறையை ஒழுங்கு செய்யலாம். வசதியில்லாத பிள்ளையின் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம்.

அந்தக் கடனைக் கொடுக்கும்போது ஒரேயொரு நிபந்தனை போதும். கடைசி மூன்று மாதிரிப் பரீட்சைகளின் புள்ளிகளைக் கேளுங்கள். அவை ஆயத்தம் என்று காட்டினால் அன்றே திகதி எடுக்கச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பணத்தை அந்தப் பிள்ளைக்கென்றே எடுத்துவைத்து, இன்னும் ஆறு வாரம் படிக்கச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த ஆறு வாரம் ஒரு குடும்பத்தின் நகையைக் காப்பாற்றும்.