டி, ஏ, எஃப்: ஒரு பள்ளித் திட்டத்தின் கதை

போன மாசம் அம்மா அலமாரியை ஒழிச்சப்ப என்னோட பழைய சுகாதாரப் புத்தகம் கிடைச்சது. சிங்கப்பூரில் வளர்ந்தவங்களுக்குத் தெரியும்: தடுப்பூசி, உயரம், எடை எல்லாம் குறிச்சு வைக்கிற சின்னப் புத்தகம். அதில் ஒரு பக்கம். 1999, தொடக்கநிலை நான்கு. உயரம் 132 சென்டிமீட்டர், எடை 38 கிலோ. அதைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் வந்தது கேன்டீன் மீ கோரெங் வாசனை. சாப்பிட்ட ஞாபகம் இல்லைங்க, சாப்பிட முடியாத ஞாபகம்.

இடைவேளை மணி அடிக்கும். எல்லாரும் கேன்டீனுக்கு ஓடுவாங்க. நாங்க ஏழு பேர் மட்டும் கொடிக்கம்பத்துக்கு எதிரில் கயிறு தாண்டணும். பதினைந்து நிமிஷம். கேன்டீனில் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் எங்களைத் தெரியும். நாங்கதான் 'டாஃப் கிளப்'.

டாஃப் என்றால் 'டிரிம் அண்ட் ஃபிட்'. கட்டான உடம்பு, நல்ல ஆரோக்கியம். ஆங்கிலத்தில் சுருக்கினால் டி, ஏ, எஃப். இப்போ அதைத் திருப்பிப் படிங்க. எஃப், ஏ, டி. ஆமாம், 'குண்டு' என்பதற்கான அதே ஆங்கிலச் சொல். எங்க வகுப்பில் அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகலை. பெயர் வைத்த அதிகாரிகளில் ஒருத்தர்கூட அதைத் திருப்பிப் பார்க்கலையா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இந்தத் திட்டத்தைக் கல்வி அமைச்சு தொடங்கியது 1992-ல். அந்தக் காலத்துச் சிங்கப்பூரை நினைச்சுப் பாருங்க. ஒரே தலைமுறையில் வருமானம் ஏறிடுச்சு. வெளியில் சாப்பிடுவது வழக்கமாகிடுச்சு. தாத்தா பாட்டி பட்டினி பார்த்தவங்க, பேரப்பிள்ளை கையில் டின் பானம். நீரிழிவும் இதய நோயும் பெருகும் என்று அரசாங்கம் கவலைப்பட்டது. அதே 1992-ல் தேசிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை இயக்கம் தொடங்கியது. மறு வருஷம் பாடாங் திடலில் பிரதமர் கோ சோக் டோங்கும் ஆயிரக்கணக்கான மக்களும் சேர்ந்து உடற்பயிற்சி செய்தாங்க. தேசிய சேவையும் பின்னணியில் இருந்தது. பதினெட்டு வயசில் பையன்கள் படைக்குப் போகிற நாட்டில், பிள்ளைகளின் எடை குடும்ப விஷயமாக மட்டும் இருக்காது.

திட்டத்தின் வேலைமுறை எளிது. உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையைவிட 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் கூடுதல் என்றால் உங்க பெயர் பட்டியலில் ஏறும். அதுக்கப்புறம் கூடுதல் உடற்பயிற்சி, எடைக் கண்காணிப்பு, வீட்டுக்குக் கடிதம். கேன்டீன்களில் எண்ணெயில் பொரித்ததும் இனிப்புப் பானமும் குறைக்கப்பட்டன. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லதாகவே இருந்தது. ஆனா இன்னொரு விஷயமும் இருந்தது. எத்தனை மாணவர்கள் எடை கூடுதலாக இருக்காங்க, உடற்தகுதித் தேர்வில் எத்தனை பேர் தேறினாங்க என்பதை வைத்துப் பள்ளிகளுக்கே விருது கொடுத்தாங்க.

இங்கே கொஞ்சம் நிற்கணும். பள்ளியின் விருது என் எடையைப் பொறுத்தது என்றால், டீச்சருக்கு நான் யார்? குறைக்க வேண்டிய ஒரு எண். எங்க டீச்சர் கெட்டவங்க இல்லை. ஆனா மண்டபத்தில் எடை பார்க்கும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்லுவாங்க, பக்கத்தில் இன்னொருத்தர் எழுதிக்கணும் இல்லையா. வேறு சில பள்ளிகளில் எத்தனை கலோரிக்குச் சாப்பாடு வாங்கலாம் என்று கூப்பன் கொடுத்த செய்தியும் வந்தது.

சரி, பலன் இருந்ததா? இருந்தது. அதை மறைச்சால் இது நேர்மையான எபிசோடு இல்லை. 1992-க்கும் 2000-க்கும் இடையில் தொடக்கநிலை ஆறு பிள்ளைகளில் உடல் பருமன் உள்ளவர்கள் 16.6 சதவீதத்திலிருந்து 14.6-ஆகக் குறைந்தாங்க. உயர்நிலை நான்கில் 15.5-லிருந்து 13.1. உலகம் முழுக்க இந்த எண் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டு நிபுணர்கள் சிங்கப்பூரைக் கவனித்ததில் ஆச்சரியமில்லை.

ஆனா அட்டவணையில் வராத சில விஷயங்கள் இருந்தன. பத்து வயசுப் பிள்ளை இடைவேளையில் கழிவறைக்குள் ஒளிஞ்சுக்கிட்டது எந்தக் கட்டத்திலும் ஏறாது. எடை பார்க்கும் நாளுக்கு முந்தின இரவு தண்ணிகூடக் குடிக்காமல் படுத்ததும் ஏறாது. (இரண்டும் நான்தான்.) பசியோடு வாழ முயன்று நோயில் விழுகிற அனோரெக்சியா பற்றி சிங்கப்பூர் மருத்துவர்கள் 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. அந்த நோயாளிகளில் சிலர் டாஃப் கிளப்பில் இருந்தவங்க. அதனால் டாஃப்தான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. ஆனாலும் பெற்றோர்கள் கேள்வி கேட்க அது போதுமானதா இருந்தது. 2007-ல் திட்டம் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் எல்லா மாணவர்களுக்குமான முழுமைச் சுகாதாரக் கட்டமைப்பு வந்தது. இடைவேளை மறுபடி இடைவேளை ஆனது.

இப்போ கசப்பான பகுதி. திட்டம் போன பிறகு எண் ஏறியது. பள்ளிப் பிள்ளைகளில் எடை கூடியவர்கள் 2017-ல் 13 சதவீதம், 2021-ல் 16 சதவீதம். அளக்கும் முறை நடுவில் மாறியதால் பழைய எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. இருந்தாலும் என் நண்பன் ஒருத்தன் கேட்டான்: "அப்போ உன்னைக் கயிறு தாண்ட வச்சது சரிதானே?" இரண்டு நாள் யோசிச்சேன்.

அந்த யோசனையில்தான் வட பிரான்சுக்குப் போனேன், புத்தகம் வழியா. லில் நகரத்துக்கு மேற்கே ஃப்ளோர்பே, லவாந்தி என்று இரண்டு சிற்றூர்கள். அங்கேயும் 1992-ல்தான் ஒரு முயற்சி தொடங்கியது. பள்ளியில் உணவைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தால் வீட்டுச் சமையல் மாறுமா என்று பார்க்கும் ஆய்வு அது. பிறகு ஆசிரியர்கள், மருத்துவர்கள், மளிகைக் கடைக்காரர்கள், நகராட்சி என்று ஊரே உள்ளே வந்தது. உணவு ஆலோசகர்களை அமர்த்தினாங்க, விளையாட்டு வசதிகளைக் கூட்டினாங்க. பல வருஷத்துக்குப் பலனே தெரியலை. எண் ஏறத்தான் செய்தது. 2004-ல் பார்த்தால் இந்த ஊர்ப் பிள்ளைகளில் எடை கூடியவர்கள் 8.8 சதவீதம், ஒப்பிட்டுப் பார்த்த பக்கத்து ஊர்களில் 17.8. அதே வருஷம் இந்த முறை 'எபோட்' என்ற பெயரில் பத்து பிரெஞ்சு நகரங்களுக்குப் போனது. அதுவும் சுத்தத் தங்கம் இல்லை. உணவு நிறுவனங்களின் பணம் உள்ளே வந்ததால் விமர்சனமும் வந்தது, நியாயமான விமர்சனம். அதோட, சிற்றூரில் நடந்தது ஒரு நாட்டுக்கே நடக்கும் என்று சொல்லவும் முடியாது.

ஆனா சிங்கப்பூரும் மெல்ல அந்தத் திசையில்தான் நகர்ந்தது. 2011-ல் பள்ளி கேன்டீன் சாப்பாட்டை எல்லாருக்குமாக மாற்றும் திட்டம் வந்தது. 2022 டிசம்பர் 30 முதல் பாக்கெட் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் குறிக்கிறாங்க. சி, டி வாங்கியவை அதைக் கட்டாயம் போடணும். டி வாங்கியதற்கு விளம்பரமே கூடாது. மறு வருஷம் பபிள் டீ கடைக்கும் இந்த விதி வந்தது. தரம் வரப்போகுது என்று தெரிந்ததுமே நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைக்க ஆரம்பிச்சாங்க. பாக்கெட் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017-ல் 7.1 சதவீதம், 2023-ல் 4.6. அதாவது கடைக்குப் போகிற பிள்ளை எதுவுமே செய்யாமல், அது குடிக்கிற பானம் மாறிடுச்சு. 1999-ல் நான் வாங்கிய 'டி'யை இப்போ டின் வாங்குது. எனக்கு அதில் கொஞ்சம் சின்னத்தனமான சந்தோஷம் உண்டு, ஒத்துக்கறேன்.

நண்பனுக்கு இதைத்தான் சொன்னேன். கயிறு தாண்டியது உடம்புக்குக் கெடுதல் இல்லைடா. ஏழு பேரை மட்டும் தாண்ட வச்சதுதான் கெடுதல். நாற்பது பேரும் தாண்டியிருந்தால் அது விளையாட்டு.

பள்ளியிலிருந்து வந்த அந்தக் கடிதம் பற்றி அம்மாகிட்டயும் கேட்டேன். அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்றிலிருந்து எனக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நெய்த் தோசை. ஒரே மேசை.

"உனக்காகத் தனியா சமைச்சேனே" என்றாங்க அம்மா, அதுவும் பெருமையா. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அப்பாவுக்கும் அப்பவே கஞ்சி குடுத்திருக்கலாம்" என்றாங்க. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருஷமாச்சு.